முன் சீட்டில் ஒரு நாரை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அவருடைய முழங்கால் முனகுகிறது, என் இடுப்பு அதற்குப் பதில் சொல்கிறது, மற்றபடி வீட்டில் சத்தம் ஒன்றும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறீர்கள் என்றே நம்பிக்கொண்டிருக்கிறேன், அப்படி இல்லையென்றால் என்னிடம் சொல்லாதே. தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடு என்பார், போட்டால் நான் ஆரம்பிக்கிற எதையும் அவரே முடித்துவிடுவார். இந்த நாரை விஷயத்தையும் அவர் சொல்லி நீ பாதி கேட்டிருக்கிறாய். அவர் சொல்லச் சொல்ல அந்தப் பறவை வளர்ந்துகொண்டே போகிறது, போன வாரம் கீழ்வீட்டுக்காரரிடம் சொன்னபோது ஏறக்குறைய ஒட்டகச்சிவிங்கி உயரத்துக்கு வந்துவிட்டது. அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன். அவர் பக்கத்தில் இருக்கும்போது உன்னிடம் சொல்ல முடியாத ஒன்றும் இதற்குள் இருக்கிறது, வரிசையாக வருகிறேன், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடாதே.

முதலில் உனக்கு ஒரு திட்டு. உன் சமையலறை ஜன்னலில் மோதி விழுந்த குருவிக்குப் பாலில் பிஸ்கட்டை ஊறவைத்து ஊட்டினேன் என்று பெருமையாகச் சொன்னாயே, அன்றைக்கு எனக்கும் ஒன்றும் தெரியாது, நல்ல காரியம்தானே என்றேன். இப்போது தெரியும். பறவைக்குப் பால் ஆகாது, மயங்கிக் கிடக்கிற எதன் வாயிலும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். உன் குருவி பிஸ்கட்டால் பிழைக்கவில்லை, பிஸ்கட்டையும் தாண்டிப் பிழைத்துக்கொண்டது. இனி அப்படி ஒன்று விழுந்தால் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் ஒரு துணியை விரித்து உள்ளே வைத்து மூடிவிடு, இருட்டும் அமைதியுமாக ஓரமாக வை, எட்டி எட்டிப் பார்க்காதே. மயக்கம் தெளிந்து உள்ளே படபடவென்று சத்தம் கேட்டால் வெளியே கொண்டுபோய்த் திற. தெளியவில்லை என்றால் அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் போன் செய். இதையெல்லாம் அம்மா எங்கே கற்றுக்கொண்டாள் என்றுதானே கேட்கிறாய், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அப்பா உனக்கு நாரையைச் சொன்னாரே தவிர, நான் ஏன் அந்தக் காரில் இருந்தேன் என்பதை மென்று முழுங்கியிருப்பார். நம்முடைய கார் எத்தனையோ மாதமாகக் கட்டடத்துக்குக் கீழே தூசி பிடித்துக் கிடக்கிறது. வெளியே போகலாமா என்றால் மழை வரும் போலிருக்கிறது என்பார், மழை இல்லாத நாளில் டயரில் காற்று இல்லை என்பார், காற்று அடித்து வைத்தால் முழங்கால் வலிக்கிறது, பஸ்ஸில் போகலாம் என்பார். பஸ்ஸில் போக எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் நின்று போன வண்டியைத் தினமும் தாண்டி நடந்து போகிற எரிச்சல் இருக்கிறதே, அது ஒருநாள் என்னை நேராக டிரைவிங் ஸ்கூலில் கொண்டுபோய் விட்டுவிட்டது. அவரிடம் சொல்லவில்லை. நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒருமுறை அவர் எனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தார், முதல் பாடம் முடிந்து இருவரும் பேச்சுவார்த்தை இல்லாமல் வீடு வந்து சேர்ந்தோம், அதுவே கடைசிப் பாடமும். அதனால் இந்த முறை கடையில் சரக்கு எண்ணும் வேலை என்று சொல்லிவிட்டு வாரத்தில் மூன்று காலை கிளம்பிவிடுவேன். எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் மொத்தம் எத்தனை பிரேம் இருக்கும், அதை வாரம் மூன்று தடவை எண்ணுவார்களா என்று அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

சொல்லிக் கொடுத்தவள் உன்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். அங்கே சொல்லிக் கொடுப்பவர் எல்லாருக்கும் மாஸ்டர் என்றுதான் பெயர், ஆணோ பெண்ணோ. நான் அவளை மாஸ்டர் என்பேன், அவள் என்னை அம்மா என்பாள், வெளியாள் யாராவது கேட்டால் தலை சுற்றிப் போவார். நல்ல பெண், பொறுமைசாலி, ஆனால் வாய் ஓயாது. கிளட்சை விடச் சொல்லிக்கொண்டே அவள் நாத்தனார் கல்யாணத்தில் நடந்த சண்டையைச் சொல்வாள், ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொண்டே அதே சண்டையின் அடுத்த பாகத்தைச் சொல்வாள். காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு, நான் எதன்மேலாவது ஏறப்போனால் அவள் அதை மிதித்துவிடுவாள். அந்த இரண்டாவது பிரேக் இருக்கிற தைரியத்தில்தான் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்.

கிடங்குகளுக்குப் பின்னால் கால்வாய் ஓரமாக ஆள் நடமாட்டமில்லாத நேர்ரோடு ஒன்று உண்டு, அங்கேதான் பாடம். அன்றைக்கு வண்டியைத் திருப்பப் போகும்போது கால்வாய்க் கரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ குடை மாதிரி விரிந்து சுருங்கியது. நான் கொக்கு என்றேன், மாஸ்டர் நாரை என்றாள், நெட்டைக் கழுத்தும் தலையில் கறுப்பு நாமம் போலக் கோடுமாக நின்றிருந்தது, கிட்டத்தட்ட என் இடுப்பு உயரம். சும்மா நிற்கிறது என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு அது ஓர் அடி எடுத்து வைக்கப் பார்த்துப் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது, எழுந்து மறுபடியும் ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றது. யாரோ மீன் பிடித்துவிட்டு அறுத்துப் போட்ட தூண்டில் நரம்பு அதன் ஒரு காலையும் ஒரு சிறகையும் சேர்த்துச் சுற்றியிருந்தது. சிறகின் மடிப்பில் தூண்டில் முள் குத்தி நிற்பது வெயிலில் பளிச்சென்று தெரிந்தது, கீழே இறகெல்லாம் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. மாஸ்டர் உடனே இறங்கி ஓடப்போனாள், நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். துரத்தினால் தண்ணீருக்குள் விழுந்துவிடும், அந்தக் கோலத்தில் விழுந்தால் எழுந்திருக்காது. உடனே போனில் தேடினாள், காட்டு உயிர்களுக்கென்று ஊருக்கு வெளியே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது, நம் ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்குத் தெரியாது. டாக்டரம்மா ஒருவர் எடுத்தார். அவர் குரலில் அவசரமே இல்லை, அதைக் கேட்டதுமே எனக்குப் பாதிப் படபடப்பு போய்விட்டது.

முதலில் அங்கேயே நின்று அதைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். நிற்கிறதா, விழுகிறதா, ரத்தம் இருக்கிறதா, கண் திறந்திருக்கிறதா, எல்லாம் கேட்டார். நிஜமாகவே உதவி வேண்டுமா என்று தெரிந்த பிறகுதான் கிட்டேயே போக வேண்டுமாம். தங்களிடம் இருக்கிற ஒரே வண்டி வேறொரு பக்கம் போயிருக்கிறது, திரும்பச் சாயங்காலம் ஆகும், இது அவ்வளவு நேரம் தாங்காது, நீங்களே கொண்டுவர முடியுமா என்று கேட்டார். மாஸ்டர் முடியும் என்று சொல்லிவிட்டாள், எப்படி என்று இருவருக்கும் தெரியாது. டாக்டரம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒருவர் முன்னால் நின்று பார்வையை இழுக்க வேண்டும், மற்றவர் பின்னாலிருந்து பெரிய துணியைத் தலையோடு சேர்த்துப் போட வேண்டும், சிறகு இரண்டையும் உடம்போடு அணைத்துப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை தலைக்குச் சற்றுக் கீழே கழுத்தைப் பிடித்தே இருக்க வேண்டும், நெரிக்கக் கூடாது, விடவும் கூடாது. இதையெல்லாம் சொல்லிவிட்டுக் குரலைக் கொஞ்சம் மாற்றி ஒன்று சொன்னார், “அது பயத்துல நேரா கண்ணைத்தான் குத்தும். கண்ணுக்கு ஏதாவது போட்டுக்காம கிட்ட போகாதீங்க.”

மாஸ்டரிடம் கூலிங்கிளாஸ்கூட இல்லை. எனக்குத் தூரப் பார்வைக்கு ஒன்று, படிக்க ஒன்று என இரண்டு கண்ணாடி என்பது உனக்குத் தெரியுமே. தூரப் பார்வைக் கண்ணாடி என் மூக்கில் இருந்தது, அது இல்லாமல் எனக்கு ஒன்றும் தெரியாது. கைப்பையிலிருந்து படிக்கிற கண்ணாடியை எடுத்து அவளுக்கு மாட்டிவிட்டேன். போட்டதும், அம்மா, உலகமே கரைந்து போச்சு என்றாள். ஒரு கை நீளத்துக்கு அப்பால் அவளுக்கு எல்லாமே மங்கல். பறவை ஒரு கை நீளத்துக்குள்தானே இருக்கப் போகிறது, போ என்றேன். கார் கண்ணாடி துடைக்க அவள் வைத்திருந்த பெரிய துண்டை எடுத்துக்கொண்டு தடவித் தடவிக் கரையில் இறங்கினாள். நான் முன்னால் நின்று கையை மெதுவாக ஆட்டினேன். நாரை என்னையே பார்த்தது. மஞ்சள் கண், இமைக்கவே இல்லை, வாடிக்கையாளர் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. துண்டு விழுந்தது, ஒரு திமிறல், மாஸ்டர் சேற்றில் உட்கார்ந்தே விட்டாள், ஆனால் பிடியை விடவில்லை. துண்டுக்கு வெளியே தலை ஒரே ஒரு முறை தப்பி வந்தது. டக்கென்று ஒரு சத்தம், கல் விழுந்த மாதிரி. இடது லென்சின் நடுவில் பள்ளம். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அந்த லென்ஸை இன்னும் வைத்திருக்கிறேன், கடையில் பிரேமை மட்டும் பார்த்துவிட்டு லென்ஸ் எதுவானால் என்ன என்று கேட்பவர்களிடம் எடுத்துக் காட்டுகிறேன்.

என் கைப்பையில் எப்போதும் கிடக்கும் சின்னக் கத்தரியால் நரம்பை வெட்டினேன். முள்ளைப் பிடுங்கத்தான் கை போனது, டாக்டரம்மா போனிலேயே தடுத்துவிட்டார். முள்ளைத் தொடக் கூடாது, நரம்பையும் ஒட்ட வெட்டக் கூடாது, ஒரு சாண் தொங்கும்படி விட வேண்டும், அதை வைத்துத்தான் உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பார்களாம். காலுக்கும் சிறகுக்கும் நடுவில் இருந்ததை மட்டும் வெட்டி விட்டேன். பெரிய பெட்டி கிடைத்தால் நல்லது என்றார், அந்த ரோட்டில் பெட்டிக்கு எங்கே போவது. வாடகைக் கார் ஒன்றைக் கூப்பிட்டோம், பறவை என்ற வார்த்தையைக் கேட்டதுமே அந்த மனிதர் போனை வைத்துவிட்டார். பிறகுதான் டாக்டரம்மா, பிடித்த கையை மாற்ற வேண்டாம், மாற்றும்போதுதான் அடிபடும், பிடித்தவர் அப்படியே உட்காரட்டும், மற்றவர் ஓட்டட்டும் என்றார். மற்றவர் யார் என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். மற்றவர் நான்தான்.

முன் சீட்டைப் பின்னால் தள்ளி மாஸ்டர் உட்கார்ந்தாள். மடியில் துண்டுக்குள் நாரை, அதன் தலை கதவுப் பக்கம், என் பக்கம் வால். கண்ணாடியைக் கழற்ற வழியில்லை, மறுபடி கொத்தினால் என்ன செய்வது, அதனால் பள்ளம் விழுந்த படிக்கிற கண்ணாடியோடு ஒன்றும் தெரியாமல், காலை மட்டும் இரண்டாவது பிரேக்மேல் வைத்துக்கொண்டாள். எப்போது மிதிப்பது என்று அவளுக்கு எப்படித் தெரியும், அதனால் ஓர் ஏற்பாடு, நான் அய்யோ என்றால் அவள் மிதிப்பாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உன் அம்மா ஒரு நாளைக்கு எத்தனை அய்யோ சொல்வாள் என்று உனக்குத் தெரியாதா. மெயின் ரோட்டில் ஏறியதும் ஒரு லாரி பின்னால் ஹாரன் அடித்தது, பழக்க தோஷத்தில் வாயில் வந்துவிட்டது, வண்டி நட்டநடு ரோட்டில் குலுங்கி நின்றது. லாரிக்காரர் என்னைத் தாண்டிப் போகும்போது ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மாஸ்டர் மடியைப் பார்த்தார், திறந்த வாயோடு போய்விட்டார். அதற்குப் பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டேன். ரேடியோ கூடாது, பேச்சும் கூடாது, காட்டுப் பறவைக்கு நம் குரல் ஆறுதல் இல்லை, பயம்தான் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மாஸ்டர் வாயே திறக்கவில்லை. அவளைப் பெற்றவர்கள் பார்த்திருந்தால் திருஷ்டி பட்டுவிடும் என்று பயந்திருப்பார்கள். ரவுண்டானாவில் எந்தப் பக்கம் போவது என்று பலகையைப் படிக்க அவளால் முடியாது, படிக்க எனக்கு நேரம் போதாது, இரண்டு சுற்று சுற்றிய பிறகுதான் வழி பிடிபட்டது. ஆனால் ஒன்று சொல்கிறேன், மூன்றாவது கியர் போட்டதும் வண்டி ஒரு மாதிரி மூச்சுவிட்டுப் போகுமே, அது எனக்கு அன்றைக்குத்தான் முதல்முறை வந்தது. யாரும் சொல்லித் தராமல் வந்தது.

இப்போது வருவதுதான் நான் சொல்ல வந்தது. பழைய மார்க்கெட்டுக்கு முன்னால் ஆட்கள் ரோட்டைக் கடக்கக் கோடு போட்டிருப்பார்களே, அங்கே உன் அப்பா நின்றிருந்தார். கையில் அந்த நீலப் பை, ஏதோ லிஃப்டைப் பழுது பார்க்கக் கூப்பிட்டிருப்பார்கள், ரிட்டயர் ஆகியும் விடமாட்டேன் என்கிறார்களே. நிறுத்தாமல் போய்விடலாமா என்றுகூட ஒரு நினைப்பு. ஆனால் அவர் காலைக் கோட்டில் வைத்துவிட்டார், நான் கிளட்சை மிதித்து, பிரேக்கை மெதுவாக அழுத்தி, கோட்டுக்கு முன்னாலேயே அலுங்காமல் நிறுத்தினேன். பாடத்தில்கூட அப்படி நிறுத்தியதில்லை. அவர் எனக்கு முன்னால், பானெட்டைத் தொடுகிற தூரத்தில் நடந்து போனார். பாதி வழியில் திரும்பி, என் முகத்தை நேராகப் பார்த்து, கையைத் தூக்கி, சிரித்தார். முன்பின் தெரியாதவர்களுக்கு நன்றி சொல்லும்போது ஒரு சிரிப்பு வைத்திருப்பாரே, அந்தச் சிரிப்பு. பிறகு போய்விட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தச் சிரிப்பை அவர் என்னிடம் காட்டியதே இல்லை. பின்னால் வண்டிகள் சத்தம் போட்ட பிறகுதான் நான் கியரைப் போட்டேன். யார் அது என்று மாஸ்டர் கிசுகிசுத்தாள், யாரோ என்றேன்.

கோபத்தில் என்னைத் தெரியாத மாதிரி போகிறார், சாயங்காலம் இருக்கிறது கச்சேரி என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். ஆஸ்பத்திரி வாசலிலேயே இரண்டு பேர் பெரிய கூண்டோடு நின்றிருந்தார்கள், மாஸ்டர் கையிலிருந்து பறவையை அவர்கள் வாங்கிய விதத்தைப் பார்க்க வேண்டும், குழந்தையை வாங்குவது போலக்கூட இல்லை, கொதிக்கிற பாத்திரத்தை வாங்குவது போல அவ்வளவு கவனம். எங்கே கண்டோம் என்று துல்லியமாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள், குணமானால் அது இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே விட வேண்டுமாம். எங்கள் இருவரையும் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவச் சொன்னார்கள், மாஸ்டர் கையில் இருந்த கீறலுக்கு மருந்து போட்டு உங்கள் டாக்டரிடமும் காட்டுங்கள் என்றார்கள். முள்ளை எடுத்துவிட்டு டாக்டரம்மா வெளியே வந்தார். எலும்பு உடையவில்லை, சதை கிழிந்திருக்கிறது, பட்டினி கிடந்திருக்கிறது, பார்க்கலாம் என்றார். விழுந்து எழுந்து ஒன்றும் ஆகாத மாதிரி நின்றதே என்று நான் கேட்டேன். அவை அப்படித்தான், முடியவில்லை என்று காட்டிக்கொண்டால் வேறு ஏதாவது வந்து அடித்துவிடும், அதனால் கடைசிவரை நன்றாக இருக்கிற மாதிரியே நிற்கும், நமக்குத் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டால் ரொம்ப நாளாகவே முடியவில்லை என்று அர்த்தம் என்றார். திரும்பும்போது மாஸ்டர்தான் ஓட்டினாள், வரும் வழியெல்லாம் சேர்த்துவைத்த பேச்சைக் கொட்டித் தீர்த்தாள்.

சாயங்காலம் உன் அப்பா வந்தார். கையைக் கழுவினார், காபி குடித்தார், வழக்கம்போல லிஃப்ட் புராணம் படித்தார். நான் காத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவரே ஆரம்பித்தார், “இன்னைக்கு ஒரு டிரைவிங் ஸ்கூல் வண்டி எனக்காக நின்னுது. யாரோ ஒரு அம்மா. புதுசா கத்துக்கிறவங்க போல, ஆனா அழகா நிறுத்தினாங்க.” கிண்டல் செய்கிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. நிஜமாகவே பாராட்டிக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அது நான்தாங்க” என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்தினார். கார் ஓட்டக் கற்றுக்கொண்டதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பாரு. “நான் உன் மூஞ்சியைப் பாத்தேனா?” என்று கேட்டார். பார்த்தீர்கள், கையைக்கூடத் தூக்கினீர்கள் என்றேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

பிறகு எல்லாம் வந்தது. எவ்வளவோ நாளாகவே முகங்கள் எல்லாம் ஆவி பிடித்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போலத்தான் தெரிகிறதாம். நடை, குரல், உடை, இதை வைத்தே ஆளைச் சொல்லிவிடுகிறாராம். எதிரே வருகிற வண்டியின் விளக்கு கண்ணில் பட்டால் ரோடே மறைந்து போகிறதாம், அதனால்தான் மழையும் டயரும் முழங்காலும். லிஃப்ட் வேலையில் நட்டும் போல்ட்டும் விரலுக்கே தெரியும் என்பதால் சமாளித்துக்கொண்டிருந்தாராம். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, சொன்னால் நீ சாவியை வாங்கி வைத்துவிடுவாய் என்றார். வாங்கித்தான் வைத்திருப்பேன். எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் பாதி, என்மேல் பாதி. ஊரில் உள்ள கண்ணையெல்லாம் நாள் முழுக்க உட்கார்ந்து அளக்கிறேன், வீட்டில் ஒரே ஒரு ஜோடிக் கண். கடைக்கு வாருங்கள் என்றால் இந்தக் கண்ணாடியே போதும் என்பார், நானும் பிடிவாதக்காரர் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கண் டாக்டரிடம் காட்டினேன். பயப்படாதே, கண்புரைதான். இரண்டு கண்ணிலும் முற்றியிருக்கிறது, எடுத்துவிட்டால் பழையபடி தெரியும் என்று டாக்டர் உறுதியாகச் சொல்கிறார். அடுத்த மாதம் முதல் கண், சில வாரம் விட்டு இரண்டாவது. உன்னிடம் சொன்னால் லீவு போட்டுக் கிளம்பி வந்துவிடுவாய் என்று வாயைத் திறக்கக் கூடாதென்று எனக்கு உத்தரவு. போனில் சொல்லக் கூடாது என்றார், எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

நான் டெஸ்டில் முதல் தடவை தோற்றேன், ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு கூம்பைச் சாய்த்துவிட்டேன். இரண்டாவது தடவை ஜெயித்தேன். கூட இருந்த அதிகாரி, ஏனம்மா இடையில் உதட்டை உதட்டைக் கடித்துக்கொண்டீர்கள் என்று கேட்டார், என்னத்தைச் சொல்வது. இப்போது நம் காரைக் கழுவித் துடைத்து நான்தான் ஓட்டுகிறேன். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறார், காலடியில் போட்டிருக்கிற ரப்பர் விரிப்பு தேய்ந்துவிடும் போலிருக்கிறது. ஆனால் வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை, அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா கூப்பிட்டார், நாரை தேறிவிட்டது, கால்வாய் போய்ச் சேரும் ஏரியில் விடுகிறோம், வருகிறீர்களா என்று. மூன்று பேரும் போனோம், மாஸ்டர் பின் சீட்டில். கிட்டே வரக் கூடாது, கைதட்டக் கூடாது, அமைதியாக நிற்க வேண்டும் என்றார்கள், மாஸ்டர் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பெட்டியைத் தண்ணீர் ஓரமாக வைத்துத் திறந்துவிட்டு எல்லாரும் பின்னால் வந்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமே வரவில்லை. பிறகு கழுத்து வந்தது, பிறகு ஒரு கால், பிறகு அவசரமே இல்லாமல் முழுசாக வெளியே வந்து நின்றது. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால்தான் தப்பாம், மனிதரிடம் பழகிவிட்டது என்று அர்த்தமாம். இரண்டு எட்டு வைத்தது, சிறகை விரித்தது, கிளம்பிவிட்டது. மாஸ்டருக்குக் கண்ணில் தண்ணீர். உன் அப்பா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க இருக்கு இப்ப?” என்று மெல்லக் கேட்டார். தண்ணீருக்கு மேலே தாழ்வாகப் போகிறது என்றேன். இப்ப, என்றார். காலைப் பின்னால் நீட்டிக்கொண்டது, நாணல்களைத் தாண்டுகிறது என்றேன். இப்ப. அக்கரை மரங்களுக்கு மேலே ஏறுகிறது, ரொம்பச் சின்னதாகிவிட்டது, சிறகு மட்டும் மெதுவாக அசைகிறது என்றேன். அவர் முகத்தை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால், எனக்கே தெரியாத தூரம் அது போய்விட்ட பிறகும் நான் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சரி, கை வலிக்கிறது. உன் ஊரிலும் இப்படிப்பட்ட ஆஸ்பத்திரி இருக்கும், நம்பரை இன்றைக்கே தேடிப் போனில் போட்டு வை, தேவைப்படுகிற நேரத்தில் தேடினால் கை நடுங்கும். வௌவாலை மட்டும் வெறுங்கையால் தொடாதே, செத்துக் கிடந்தாலும் தொடாதே, பல்லோ நகமோ பட்டுவிட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே போய் ஊசி போட்டுக்கொள். அப்புறம், தரையில் தத்தித் தத்திப் போகிற குஞ்சையெல்லாம் அனாதை என்று நினைத்துத் தூக்கி வந்துவிடாதே. இறகு முளைத்ததென்றால் அது பறக்கப் பழகுகிறது, தள்ளி நின்று பார், பக்கத்தில் ஏதாவது மரத்தில் அதன் அம்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கும், தூரமாக இருக்கிறாள் என்பதற்காக இல்லை என்று ஆகிவிடுமா.

அப்பாவுக்குப் போன் செய்யும்போது கண்ணைப் பற்றி மூச்சு விடாதே, தானாகச் சொல்லும்வரை காத்திரு, சொன்னதும் புதிதாகக் கேட்கிற மாதிரி கேள். லீவைச் செலவழிக்காதே, இரண்டு கண்ணும் சரியான பிறகு வா, உன்னை நன்றாகப் பார்க்கட்டும். மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனத்தாங்கல் இல்லாமல், நிறைவாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
லைசென்ஸ் வாங்கிய
உன் அம்மா